சீனக்குடாத் தாங்கி சொல்லும் கணக்கு

கேள்வி: ஐயா, அமெரிக்காவும் சீனாவும் முறைத்துக்கொண்டே வியாபாரமும் செய்கின்றன. இவ்வளவு கொடுக்கல் வாங்கல் இருந்தால் சண்டை வராது என்கிறான் என் மகன். எனக்கென்னவோ பயமாக இருக்கிறது. யார் சொல்வது சரி? (வாசகி, உப்புவெளி)

பதில்: மகன் சொல்வது பாதி சரி, தங்கச்சி. மீதிப் பாதி நம் திருகோணமலைச் சீனக்குடாவில் கிடக்கிறது. வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 91ஆம் இலக்கத்தை நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா சைக்கிளில் கூட்டிப்போய்க் காட்டினார். இரும்புத் தகடு மெழுகு மாதிரி உருகி மடிந்து கிடந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானம் ஒன்று வந்து மோதிய தாங்கி அது.

ஜப்பானுக்கு நம்மேல் என்ன கோபம்? ஒன்றுமில்லை. அந்த நாடு வாங்கிய எண்ணெயில் ஏறக்குறைய 80 வீதம் அமெரிக்காவிலிருந்து போனது. சீனாவில் ஜப்பான் நடத்திய போர் அமெரிக்காவுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் விற்றுக்கொண்டிருந்தது. 1941 ஜூலையில் ஜப்பான் தென் இந்தோசீனாவுக்குள் (இன்றைய வியட்நாம், கம்போடியா பக்கம்) நுழைந்ததும் அமெரிக்கா குழாயை மூடிவிட்டது. கையிருப்போ 2 வருடத்துக்கு மேல் தாங்காது. சும்மா இருந்தால் கப்பலே ஓடாது என்று கணக்குப் போட்டவர்கள், டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் துறைமுகத்தை அடித்தார்கள். அப்புறம் சுமாத்திரா, போர்னியோ எண்ணெய்க் கிணறுகள். பிரிட்டிஷ் கடற்படை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றுதான் குண்டு திருகோணமலை வரை வந்தது.

ஆக, நாளைக்கும் சாமான் வரும் என்று நம்பும்வரைதான் வியாபாரம் கையைக் கட்டிப்போடும். வராது என்று தெரிந்தால் அதே வியாபாரம் அவசரப்படுத்தும்.

இப்போது இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு குழாய் இருக்கிறது. உயர்ரகக் கணினிச் சிப்புகள் சீனாவுக்குப் போகாமல் 2022 அக்டோபரில் அமெரிக்கா கட்டுப்பாடு போட்டது. காந்தம் செய்ய வேண்டிய அருமண் உலோகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா 2025 ஏப்ரலில் கட்டுப்பாடு போட்டது. எத்தனை கோடி டொலர் வியாபாரம் என்று பார்த்து முடிவு கட்டாதீர்கள். சட்டையும் விளையாட்டுச் சாமானும் நின்றால் வேறு கடை இருக்கிறது. வேறு கடையில் இல்லாத சாமான் எது, வீட்டில் அது எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்று பாருங்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் படுத்தெழும்பிய நமக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: அப்போ சீனக்குடாத் தாங்கிகள் சீனாவிடமா இருக்கின்றன? (மாணவன், மூதூர்)

பதில்: பெயர்தான் சீனம், தம்பி. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 தாங்கி இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு, 24 நம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டு பேருக்கும் கூட்டாக.