பாதியில் வெட்டிய வீடியோ

கேள்வி: எங்கள் நூலக வாசகர் வட்டத்தின் சார்பில் வாட்ஸ்அப் வதந்திகள் பற்றி விழிப்புணர்வுப் பிரசாரம் செய்ய ஆசை. நோட்டீஸ், பேரணி என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எதில் தொடங்கலாம் ஐயா?
– வாசகி, போளூர்

பதில்: ஊர்ப் பெயரைப் பார்த்ததும் மனம் கனத்துவிட்டதம்மா. 2018 மே மாதம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே அது நடந்தது. குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம். வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்த அந்தக் குடும்பத்து மூதாட்டியைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து ஊர்க்காரர்கள் அடித்தே கொன்றுவிட்டார்கள்.

அதே நாட்களில் வந்தவாசியில் என் சித்தி, பேரனை மூன்று நாள் வாசல்படி தாண்டவிடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ்தான் காரணம். சித்தி விவரம் தெரியாதவர் அல்ல. பேரன்மேல் உயிரையே வைத்திருந்தவர். ‘வதந்தியை நம்பாதீர்’ என்று நோட்டீஸ் கொடுத்திருந்தால், யாருக்கோ சொன்னது என்று மடித்து வைத்திருப்பார். பேரணியும் அப்படித்தான் கடந்து போய்விடும்.

ஒரே ஒரு வீடியோ போதும். அப்போது ஊர் ஊராகச் சுற்றியது: தெருவில் சிறுவர்கள் விளையாடுகிறார்கள், பைக்கில் வந்த இருவர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். உண்மையில் அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக் திரும்பி வரும். பிள்ளையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

மகளிர் குழுக் கூட்டம் முடியும் நேரத்தில் கால் மணி நேரம் கேட்டு வாங்குங்கள். முதலில் வெட்டிய பகுதியை மட்டும் போட்டு நிறுத்துங்கள். எந்த ஊர், எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்று கேளுங்கள். ஆளுக்கொரு ஊர் சொல்லட்டும், திருத்த வேண்டாம். பிறகு முழுப் படத்தையும் போடுங்கள். 29 வருடம் நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத செய்தியை அச்சுக்கு அனுப்பியதில்லை.

அதன்பின் அவரவர் போனிலேயே பழக்குங்கள். மெசேஜுக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்தது என்று அர்த்தம். வீடியோவை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டால் பழைய படமா என்று பல நேரம் தெரிந்துவிடும். சொல்லித்தரும் பிள்ளைகள் போனைப் பிடுங்கித் தாங்களே செய்துவிடக் கூடாது. அந்த அம்மாவின் விரல்தான் பழக வேண்டும்.

கேரளத்தில் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியைக் கண்டறிய வகுப்பு நடத்தியது. அருமையான வேலை. ஆனால் என் சித்தி பள்ளிக்கூடம் போவதில்லையே. புரளி குரலில் வருகிறதென்றால் மறுப்பும் குரலில் வரட்டும். ஊருக்குத் தெரிந்த அங்கன்வாடி டீச்சர், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசி அனுப்பட்டும்.

நோட்டீஸ் அடித்தே ஆக வேண்டுமென்றால், குழந்தைகள் உதவிக்கு 1098, போலீசுக்கு 112. இந்த இரண்டு எண்ணையும் பாட்டிகளுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரிகிற அளவில் போடுங்கள்.