லேசரில் தொண்டை ஒப்பரேசன்: அன்றைக்கே வீடு போகலாமா?

குரல்நாணில் சின்னக் கட்டி. லேசரால் எடுத்துவிட்டு, பின்னேரமே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். நான் முத்தையன்கட்டு. பயமில்லையா டொக்டர்?
– ஓர் ஆசிரியை

ஒப்பரேசனுக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். காபனீரொட்சைட்டு லேசர் தொண்டைக்கு வந்து 50 வருடம் தாண்டிவிட்டது. வெட்டும்போதே சிறு இரத்தக்குழாய்களை அடைத்துக்கொண்டு போகும். வெளியில் தையலும் இல்லை. ஆனால் கை வைப்பது மூச்சுப் போகிற வழியில். அங்கே வீக்கம் ஏறினால் பெரும்பாலும் முதல் சில மணித்தியாலங்களில் தெரிந்துவிடும்; அதற்காகத்தான் வார்ட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். அபூர்வமாகப் பிந்தியும் வரும்.

எனக்கு யோசனை அந்த இரவைப் பற்றித்தான். யாழ்ப்பாணத்தில் செய்தால் கிளிநொச்சியே 65 கிலோமீற்றருக்குக் கிட்ட. உங்கள் ஊர் அதையும் தாண்டி. இருட்டில் யானை நிற்கிற வழி வேறு. ஒரு மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குத் திரும்ப முடியாத இடத்துக்கு அன்றிரவு போகாதீர்கள். டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் ‘ஒரு நாள் வார்ட்டில் வைத்திருங்கள்’ என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

இன்னொன்று. மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு விழுவதுபோல, கத்திப் படிப்பிக்கிறவர்களின் குரல்நாணிலும் விழும். அது பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே குறையும். உங்களுடையது அந்த வகையா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

லேசர் பட்டுத் தொண்டைக்குள் நெருப்புப் பிடிக்குமாமே?
– கிளிநொச்சி

பிடித்ததுண்டு, மிக அரிதாக. மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாயும் ஒட்சிசனும் இருக்கிற இடத்தில் சூடு பட்டால் ஆபத்துத்தான். அதனால் லேசருக்கென்றே செய்த குழாயைப் போடுவார்கள். அதன் நுனிப் பலூனில் காற்றுக்குப் பதில் நீலச் சாயம் கலந்த சேலைன். ஓட்டை விழுந்தால் நீலம் காட்டிக்கொடுத்துவிடும். ஒட்சிசனை 30 சதவீதத்துக்கு மேல் விடாமல் பார்ப்பார்கள். முகத்திலும் கண்ணிலும் ஈரத்துணி.

கதிர் பட்டால் புற்றுநோய் வருமா?
– மல்லாவி

வராது. இது எக்ஸ்ரே போன்ற கதிர் அல்ல. வாயில் அடக்கிய வெற்றிலை புகையிலையைப் பற்றிக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். குரலடைப்பு 3 கிழமைக்கு மேல் நின்றால் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள்.

அப்பாவுக்குப் பெரிய குறட்டை. நித்திரையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புவார். உள்நாக்கை லேசரால் வெட்டி அன்றே கூட்டிவரலாமா?
– ஒட்டுசுட்டான்

வேண்டாம். முதலில் நித்திரைச் சோதனை செய்யுங்கள். வெட்டினால் குறட்டைச் சத்தம் குறைந்து, மூச்சு நிற்பது அப்படியே இருக்கலாம். மயக்கமருந்தும் சில வலி மருந்துகளும் அதை இன்னும் மோசமாக்கும். செய்வதானாலும் அவரை இரவு வார்ட்டில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

ஒப்பரேசன் அன்று காலையில் தேத்தண்ணி குடிக்கலாமா?

பால் விட்டால் அது சாப்பாட்டுக் கணக்கு, 6 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணித்தியாலம் முன்வரை சரி. வார்ட்டில் வேறு நேரம் சொன்னால் அதைக் கேளுங்கள். ஆடுகிற பல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வீட்டில் எதைக் கண்டால் ஓடிவர வேண்டும்?

மூச்சு இழுக்கையில் கீச்சென்ற சத்தம், எச்சிலில் புது இரத்தம், தண்ணீர்கூட விழுங்க முடியாமை. ஓட்டோ தேடி நிற்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். குரலுக்கு ஓய்வு கொடுத்திருப்பவர் போனில் பேச முடியாது. அதனால் வளர்ந்த ஆள் ஒருவர் பக்கத்தில் படுக்க வேண்டும், போனில் சார்ஜும் இருக்க வேண்டும்.