பிரசவத்துக்குச் சைபீரியா போகும் உள்ளான்

கேள்வி: தெலுக் ஆயர் தாவாரில் என் தம்பி வீடு. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடலோரச் சேற்றில் கூட்டமாக மேயும் குருவிகள் மே மாதம் காணாமல் போய்விடுகின்றன. முட்டையிட வடதுருவப் பக்கம் போகின்றன என்கிறான். இங்கே வெயிலும் இரையும் இருக்க, பனிக்குள் போய் ஏன் குஞ்சு பொரிக்க வேண்டும்?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தம்பி சொல்வது சரிதான். ஏப்ரலில் போய்ப் பாருங்கள், அந்தக் கூட்டத்தில் வளைமூக்கு உள்ளான் என்று ஒன்று உண்டு, அதுவரை முதுகு சாம்பலும் வயிறு வெள்ளையுமாக இருந்த அதன் வயிறு செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். ஊருக்குக் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். ஊர் என்றால் சைபீரியாவின் வடகோடி, தைமிர் பக்கம்.

அங்கே ஜூனில் பனி உருகும். ஆனால் அடிமண் வருஷம் முழுக்க உறைந்தே கிடப்பதால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் குட்டை குட்டையாகத் தேங்கி, கொசுவும் பூச்சியும் அப்படிப் பெருகும், நம் ஊர் டிங்கி ஒழிப்புக்காரர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். சூரியனும் மறையாது, எந்நேரமும் மேயலாம். இது ஏன் முக்கியமென்றால் உள்ளான் தாய் குஞ்சுக்கு ஊட்டுவதில்லை. பொரித்த ஒரே நாளில் அது கூட்டைவிட்டு எழுந்து தானே பூச்சி தேட வேண்டும். நாலு முட்டை, மூன்று வாரம் அடை, எல்லாம் தாய் மட்டும்தான். ஆண் ஜூலைத் தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடும் (இதை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம்). அப்புறம் தாயும் போய்விடும், குஞ்சுகள் பின்னால் தனியாகத்தான் வழி கண்டுபிடித்து வரும்.

ஆனால் எல்லா வருஷமும் இது பலிக்காது. 2018இல் வடகிழக்கு கிரீன்லாந்தில் பனி உருகத் தாமதமாகி, அங்கே போன பறவைகளில் பெரும்பாலானவை குஞ்சே பொரிக்கவில்லை. சைபீரியாவில் இன்னொரு வேடிக்கை: லெம்மிங் என்ற எலி மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை பெருகும். அந்த வருஷம் நரிக்கு எலியே போதும். அடுத்த வருஷம் எலி குறைந்ததும் பசித்த நரி முட்டையையும் குஞ்சையும் தேடி வரும்.

ஜூனில் சேற்றில் நாலைந்து உள்ளான் நின்றால் நோய் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் போன வருஷத்துக் குஞ்சுகள்தான், இன்னும் வயது வராததால் ஊருக்குப் போகவில்லை. செப்டம்பர், அக்டோபரில் முதுகு செதில் செதிலாகத் தெரிகிறவை புதுக்குஞ்சுகள். அவை நிறைய வந்திருந்தால், அங்கே எலிக்கு நல்ல வருஷம் போலிருக்கிறது என்று தம்பியிடம் சொல்லுங்கள்.