மூக்குக் கட்டியை எடுத்த பிறகும் ஏன் திரும்ப வருகிறது?

புற்றுநோய் இல்லை என்று சொல்லி எடுத்த கட்டி சில வருடத்தில் மறுபடி வந்துவிட்டது, ஏன் என்பதுதான் கேள்வி. இப்படித் திரும்புவதில் பேர்போனது இன்வெர்ட்டட் பாப்பிலோமா. மூக்கின் உள்தோல் வெளியே வளராமல், அடியில் உள்ள திசுவுக்குள் மடிந்து வளரும் கட்டி. பெரும்பாலும் ஒரு பக்க மூக்கில் மட்டும் வரும்.

நம்ம நாஞ்சில் நாட்டு வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். மேலே புல்லை அறுத்தால் வரப்பு சுத்தமாகத் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் கிடந்தால் மறுபடி முளைக்கும். இந்தக் கட்டிக்கும் எலும்பில் ஒட்டிய வேர் ஒன்று உண்டு. ஸ்கேனில் அந்த இடத்து எலும்பு தடித்துத் தெரிவதுண்டு. அதனால் மறு அறுவையில் தொங்கும் சதையை எடுப்பதோடு நிற்காமல், வேர் பிடித்த எலும்பையும் டிரில் வைத்துச் சுரண்டுவார்கள். பெரும்பாலும் மூக்குத் துவாரம் வழியே எண்டோஸ்கோப்பில் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) முடியும். நெற்றி சைனஸின் (நெற்றி எலும்புக்குள் உள்ள காற்றறை) ஓரத்தில் வேர் இருந்தால் சிலருக்கு வெளியிலிருந்தும் திறக்க வேண்டி வரும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ திருவனந்தபுரமோ, எங்கே சிகிச்சைக்குப் போனாலும் பழைய பயாப்சி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் ஸ்கேனையும் கையோடு கொண்டு போங்கள். வேர் எங்கே என்பதற்கு ஸ்கேன்தான் துப்பு. அப்புறம், பல வருடம் கழித்தும் திரும்பலாம் என்பதால் செக்கப்பை விடக்கூடாது.

‘கத்தி பட்டால் புற்றுநோயாகிவிடும்’ என்பது தவறு. சிலருக்கு இந்தக் கட்டியே அப்படி மாறக்கூடும் என்பதால்தான் எடுக்கச் சொல்கிறார்கள்.