ஒரே செட் டயர் போதுமா?

மழையோ வெயிலோ ஒரே செட்டில் ரேஸ் டிராக்கில் கார் ஓட்டி, அதே டயரில் வீடு திரும்ப செமி ஸ்லிக் (ரேஸ் டயருக்கு நெருக்கமான, சாலையிலும் ஓட்டக்கூடிய டயர்) எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். காய்ந்த தரையில் பிடிப்பு அருமைதான், ஆனால் பள்ளங்கள் குறைவாக இருப்பதால் தேங்கிய தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் கார் மிதக்க ஆரம்பித்துவிடும், ஸ்டீயரிங் திடீரென்று லேசாகும். டிரெட்வேர் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் எண்) 300 பக்கம் வருகிற நல்ல சம்மர் டயர் (பனி இல்லாத காலத்துக்கான சாலை டயர்) எடுங்கள். அந்த எண்ணை அந்தந்த நிறுவனமே போடுகிறது, அதனால் பிராண்டுக்குப் பிராண்டு ஒப்பிடாதீர்கள்.

அப்புறம் காற்றழுத்தம். வெயிலில் சில சுற்றிலேயே டயர் சூடாகி அழுத்தம் ஏறிவிடும், பிட்டுக்கு (டிராக் ஓரம் காரை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) வந்ததும் சூட்டோடு அளந்து இறக்குங்கள். மழையில் அவ்வளவு சூடாகாது, இறக்கியதைத் திரும்ப ஏற்றியே ஆகணும். வீட்டுக்குக் கிளம்பும் முன்பும், டயர் ஆறியதும், வழக்கமான அளவுக்கு நிரப்புங்கள்.