கேள்வி – பதில்: பாரசீகக் கம்பளம்

கேள்வி: லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாரசீகக் கம்பளத்துக்கு அரை மணிக்கு ஒரு முறைதான் விளக்குப் போடுவார்களாமே, உண்மையா? இக்கலை எவ்வளவு பழையது?

பதில்: உண்மைதான். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள அர்தபீல் கம்பளம் அது. ஒளி பட்டால் சாயம் மங்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் மட்டுமே விளக்கு எரியும். வடமேற்கு ஈரானின் அர்தபீல் நகரில் சூஃபி ஞானி ஷேக் சஃபியுத்தீனின் அடக்கத்தலத்துக்காக, சஃபவி அரசர் தஹ்மாஸ்ப் காலத்தில் நெய்யப்பட்ட இந்தக் கம்பளத்தின் ஒரு முனையில் பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் ஈரடி ஒன்றும், காஷானைச் சேர்ந்த மக்ஸூத் என்ற பெயரும், ஹிஜ்ரி 946 (கி.பி. 1539–40) என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. நீளம் பத்தரை மீட்டர். பட்டுப் பாவின் (நீளவாட்டு நூலின்) மேல் கம்பளி நூலால் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட முடிச்சுகள். நடுவிலுள்ள பதக்கத்தின் இரு முனைகளிலும் தொங்கும் விளக்குகளில் ஒன்று பெரியது, மற்றது சிறியது. ஏன் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

முதலில் இது இரட்டைக் கம்பளங்களில் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விற்பனைக்கு வந்தபோது, ஒன்றின் கிழிசலை அடைக்க மற்றொன்றை வெட்டியெடுத்துத் தைத்தார்கள். ஒட்டுப்போட்டதை ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் பரிந்துரையின் பேரில் 1893இல் 2,000 பவுண்டுக்கு லண்டன் அருங்காட்சியகம் வாங்கியது. ஓரம் இழந்த மற்றது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது.

பழமை என்றால், சைபீரியாவின் பாசிரிக் கல்லறையில் 1949இல் கிடைத்த கம்பளம் ஏறத்தாழ 2,400 ஆண்டுப் பழையது. கல்லறைத் திருடர்கள் போட்ட துளை வழியே நீர் புகுந்து உறைந்ததால்தான் அது மக்காமல் தப்பியது! அதை நெய்தவர்கள் பாரசீகர்கள்தாமா என்பது முடிவாகவில்லை.

கேள்வி: பழைய கையால் நெய்த கம்பளம் ஒன்று வாங்கினேன். சிவப்பு ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் பட்டை பட்டையாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இதற்கு ‘அப்ரஷ்’ என்று பெயர். மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து சிவப்பும், அவுரியிலிருந்து நீலமும் எடுத்துச் சிறு சிறு அளவில் நூலைத் தோய்ப்பார்கள். ஒரு தோய்ப்பு நூல் தீர்ந்து அடுத்தது தறிக்கு வரும்போது நிறம் சற்று மாறிவிடும். அதனால்தான் அந்தப் பட்டை ஊடையின் (குறுக்குவாட்டு நூலின்) போக்கில் குறுக்காக ஓடும். எனக்கு அதுவே அழகாகப் படுகிறது. ஐயம் தீர, கம்பளத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கச் சித்திரம் பின்பக்கத்திலும் முடிச்சு முடிச்சாகத் தெளிவாகத் தெரிய வேண்டும். முனையிலுள்ள குஞ்சம் தனியாகத் தைக்கப்படாமல், பாவு நூலின் நீட்சியாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: நம் பவானி ஜமுக்காளமும் பாரசீகக் கம்பளமும் ஒரே வகையா?

பதில்: அல்ல. ஜமுக்காளத்தில் முடிச்சு கிடையாது. பாவும் ஊடையும் மட்டுமே. ஈரானில் அதற்கு நெருங்கிய உறவு ‘கிலிம்’ எனும் தட்டையான விரிப்பு. ஆனால் நம் பட்டுப்புடவையின் மாங்காய்க்கு அங்கே நெருங்கிய சொந்தம் உண்டு: ‘போதே’ எனும் வடிவம். காற்றில் தலைசாய்ந்த சைப்ரஸ் மரம் என்று அதைச் சொல்வோர் உண்டு; நம் கண்ணுக்கு அது மாங்காய்தான்.