சத்தம் கேட்கிறது, பேச்சு ஏன் புரிவதில்லை?

வாசலில் லாரி போனால் தாத்தாவுக்குக் கேட்கிறது. பேத்தி கேட்ட கேள்வி மட்டும் புரியவில்லை. இதற்கு முதுமைச் செவித்திறன் குறைவு என்று பெயர்.

நத்தை ஓடு போலச் சுருண்ட உள்காதில், காதுக்குச் சுமார் 15,000 நுண்முடி செல்கள் இருக்கின்றன. கீச்சென்ற ஒலிகளைப் பிடிப்பவைதான் பெரும்பாலும் முதலில் பழுதாகும். மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. ச, ஸ, ஃப போன்ற ஒலிகளில் அந்தக் கீச்சுப் பகுதிதான் அதிகம். ஆ, ஓ என்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதி, அதனால் தப்பித்துவிடும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேச்சு என்று தெரியாது. கல்யாண மண்டப இரைச்சலில் இன்னும் மோசம். பெரியவர்கள் சும்மா தலையாட்டிச் சிரித்துச் சமாளிப்பது பல நேரம் இதனால்தான்.

மழையில் நனைந்து பாதி எழுத்து அழிந்த செய்தித்தாள் மாதிரி. விளக்கைக் கூட்டினால் அழிந்த எழுத்து வந்துவிடாது, கத்துவதும் அப்படித்தான். முகம் பார்த்து நிதானமாகப் பேசினால் உதட்டசைவு கொஞ்சம் இட்டு நிரப்பும்.

அப்புறம், "வேண்டியது மட்டும் காதில் விழுகிறது" என்று வீட்டில் கேலி செய்வார்கள். அது நடிப்பு இல்லை; பழகிய சொல்லை மூளை அரைகுறை ஒலியிலிருந்தே ஊகித்துவிடும், புதுச் சொல்லுக்கு அது அவ்வளவு எளிதில் முடியாது.